எத்தனை அடி தோண்டுவது?

மாவுயி தீவின் தென்கரையில் வைலேயா என்ற இடத்தில் வரிசையாக உல்லாச விடுதிகள். சாயங்காலமானால் விருந்தினர்கள் மணலுக்கு இறங்கி வந்து சூரியன் மறைவதைப் பார்ப்பார்கள். அங்கிருந்து இடப்பக்கம் கண்ணை ஓட்டினால், கடலுக்கு அப்பால் செம்பழுப்பு நிறத்தில் ஒரு தீவு நீளமாகக் கிடக்கிறது. வீடு இல்லை, தோப்பு இல்லை, இருட்டிய பிறகு ஒரு விளக்கும் தெரிவதில்லை. ஹவாயின் எட்டு முக்கியத் தீவுகளில் மிகச் சிறியதான கஹோஓலவே அதுதான். பரப்பு 116 சதுர கிலோமீட்டர். நடுவே இருக்கும் நீரிணையின் அகலம் 11 கிலோமீட்டர்.

உலகத்தின் விலையுயர்ந்த கடற்கரைகளில் ஒன்றுக்கு நேர் எதிரே அந்த நிலம் அப்படிக் கிடப்பதற்கு இரண்டு காரணங்கள். 1941 முதல் 1990 வரை அமெரிக்கப் படைகள் அதன்மீது குண்டு வீசிப் பழகின என்பது ஒன்று. குண்டுவீச்சு நின்ற பிறகு அந்த நிலம் எதற்கு ஆக வேண்டும் என்று ஹவாய் மக்கள் எடுத்த முடிவு மற்றொன்று. முதல் காரணம் உலகத்தில் எத்தனையோ இடங்களுக்கு உண்டு. இரண்டாவது காரணம் எங்கேயும் சுலபமாகக் காணக் கிடைக்காது. அதைப் பார்க்கத்தான் நான் போனேன்.

அந்தத் தீவில் வணிகம் எதுவும் கூடாது என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. ஆகவே சுற்றுலாப் படகு கிடையாது, டிக்கெட் கிடையாது. தீவை மீட்கப் போராடிய ‘கஹோஓலவே பாதுகாப்பு ஓஹானா’ என்ற அமைப்பினரோடு சேர்ந்து வேலை செய்வதற்காகப் போகலாம். ஓஹானா என்றால் குடும்பம். அங்கே எல்லோரும் அந்த அமைப்பை அந்த ஒற்றைச் சொல்லால்தான் குறிப்பிடுகிறார்கள். பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். வெடிக்காத குண்டுகள் உள்ள இடத்துக்குத் தெரிந்தேதான் வருகிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும்.

விடியுமுன் படகு கிளம்பியது. நீரிணையில் காற்று எப்போதும் பலமாக அடிக்கும் என்றார்கள், அப்படித்தான் அடித்தது. வெளிச்சம் வர வர, வைலேயாவிலிருந்து ஒரு பட்டை நிறமாகத் தெரிந்த தீவு மடிப்பு மடிப்பாகப் பிரிந்தது. மழைநீர் அறுத்த ஓடைகள், கரையோரப் பாறைகள், மேலே வழுக்கையாகச் சிவந்த மேடு. வடகிழக்குக் கரையில் ஹக்கியோவாவா என்ற சிறிய விரிகுடா. படகுத்துறை இல்லை. கரைக்குச் சற்று முன்பே இறங்கி நீந்த வேண்டும். துணிமணி, அரிசி, காய்கறி, குடிநீர் எல்லாமே கறுப்புக் குப்பைப் பைகளில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு இறுக்கி முடியப்பட்டிருந்தன. நெஞ்சளவு நீரில் இரண்டு வரிசையாக ஆட்கள் நின்றுகொண்டு, பையைக் கைக்குக் கை மாற்றினார்கள். எனக்கு முன்னால் நின்றவர் ஒரு பள்ளி ஆசிரியை, பின்னால் ஒரு தச்சர். அலை தலைக்கு மேலே எழும்பும்போதும் யாரும் பையைக் கீழே விடவில்லை.

அதற்கு முன்பு ஒன்று நடந்தது. கரையேறும் முன் எல்லோரும் தண்ணீரில் நின்றபடியே ஹவாய் மொழியில் ஒரு மந்திரப் பாடலைச் சொன்னார்கள். உள்ளே வர அனுமதி கேட்கும் பாடல். கரையிலிருந்து பதில் குரல் வந்த பிறகுதான் கால் மணலைத் தொட்டது. கனலோவா என்ற கடல் தெய்வத்தின் உடலாக இந்தத் தீவை அவர்கள் கருதுகிறார்கள். அரை நூற்றாண்டு காலம் யாரையும் கேட்காமல் குண்டு விழுந்த மண்ணில், அந்த மண்ணுக்கு உரியவர்களே கேட்டுக்கொண்டு நுழைகிறார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அடுத்தது பாதுகாப்புப் பாடம். ‘குவா’ என்று அழைக்கப்படும் பொறுப்பாளர் ஒருவர் எங்களை மர நிழலில் உட்காரவைத்துப் பேசினார். அடையாளம் போட்ட பாதையைவிட்டு ஓர் அடிகூட விலகக் கூடாது. உலோகமாக எதைக் கண்டாலும் தொடக் கூடாது, உதைக்கக் கூடாது, நினைவுக்கென்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அனுமதி இல்லாத இடத்தில் மண்ணைத் தோண்டக் கூடாது. கடைசி விதியைச் சொல்லும்போது அவர் குரலை உயர்த்தவில்லை, ஆனால் இரண்டு தடவை சொன்னார். ஏன் என்று பிறகுதான் புரிந்தது.

குண்டுக்கு முன்பே இந்தத் தீவு அடிபட்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1793-ல் ஐரோப்பியக் கப்பல் வழியாக மாவுயிக்கு வந்த ஆடுகள் இங்கேயும் விடப்பட்டன. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் மேய்ச்சல் பண்ணை வந்தது. ஆடும் மாடும் செம்மறியும் பச்சையை வேரோடு தின்று தீர்த்தன. வேர் போனதும் காற்று மேல்மண்ணை வாரிக் கடலில் கொட்டியது. 1941-ல் பண்ணைக்காரர் தீவின் ஒரு பகுதியை ஆண்டுக்கு 1 டாலர் வாடகைக்குக் குண்டுப் பயிற்சிக்கு விட்டார். அந்த டிசம்பரில் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டது. ராணுவச் சட்டம் வந்தது, முழுத் தீவும் படையின் கைக்குப் போனது. நீர்மூழ்கிகளின் டார்ப்பிடோக்கள் ஏன் வெடிக்காமல் போகின்றன என்று கண்டுபிடிக்க 1943-ல் இந்தத் தீவின் செங்குத்துப் பாறைகள்மீதுதான் ஏவிப் பார்த்தார்கள்.

போர் முடிந்தது, தீவு திரும்பவில்லை. 1953-ல் அதிபர் ஐசனோவர் ஓர் ஆணையில் கஹோஓலவேயைக் கடற்படைக்கு ஒதுக்கினார். அதே ஆணையில் ஒரு நிபந்தனையும் இருந்தது: கடற்படைக்கு இனித் தேவையில்லை என்றாகும்போது, மனிதர் வாழ்வதற்கு நியாயமான அளவு பாதுகாப்பான நிலையில், ஹவாய்க்குச் செலவு வைக்காமல் தீவைத் திருப்பித் தர வேண்டும். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஹக்கியோவாவாவில் இதை மனப்பாடமாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

1965-ல் அணுகுண்டின் அதிர்ச்சியைக் கப்பல்கள் தாங்குமா என்று பார்க்க, தீவின் கரையில் 500 டன் டிஎன்டியைக் குவித்து வெடித்தார்கள். ஒரு முறை அல்ல, மூன்று முறை. அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது, உவர்நீர் ஊறிக் குளமாக நிற்கிறது. 1969-ல் 500 பவுண்டு எடையுள்ள வெடிக்காத குண்டு ஒன்று, கடல் தாண்டி, மாவுயியில் ஒரு மேய்ச்சல் நிலத்தில் கிடந்தது. அது அன்றைய மாவுயி மேயர் எல்மர் கிரவால்யோ குத்தகைக்கு எடுத்திருந்த நிலம். அதற்குப் பிறகு ‘அந்தத் தீவில் நடப்பது நமக்கென்ன’ என்று மாவுயியில் யாரும் சொல்ல முடியவில்லை.

1976 ஜனவரி 4-ஆம் தேதி ஒன்பது பேர் தடையை மீறி இந்தத் தீவில் இறங்கினார்கள். பெரும்பாலோரைக் கடலோரக் காவல்படை அன்றே பிடித்துக்கொண்டு போனது. மோலோக்காயித் தீவைச் சேர்ந்த வால்டர் ரிட்டியும் டாக்டர் எம்மெட் அலூலியும் மட்டும் பிடிபடாமல் தீவுக்குள்ளே நடந்தார்கள். சாபம் பிடித்த வெற்றுத் தரை என்று சொல்லப்பட்ட இடத்தில் கோயில் மேடைகளையும் மீன் வழிபாட்டுக் கற்களையும் வீட்டு அடித்தளங்களையும் பார்த்துவிட்டு வந்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் ஓஹானா. அந்த ஆண்டே கடற்படைமீது வழக்குப் போட்டார்கள். 1977 மார்ச்சில், தீவில் இருந்த தோழர்களைத் தேடிப் போன ஜார்ஜ் ஹெல்மும் கிமோ மிட்செலும் கடலில் காணாமல் போனார்கள். ஹெல்ம் ஒரு பாடகர், அப்போது வயது 26. ஹக்கியோவாவாவில் அவர்களுக்கு நினைவுக்கல் இருக்கிறது. எங்களோடு வந்த ஓர் இளைஞர் அங்கே பூமாலையை வைத்துவிட்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

வழக்கு 1980-ல் ஒரு சமரசத் தீர்ப்பில் முடிந்தது. குண்டுவீச்சு நிற்கவில்லை. ஆனால் கடற்படை தொல்லியல் ஆய்வு நடத்த வேண்டும், ஆடுகளை அகற்ற வேண்டும், மண் அரிப்பைத் தடுக்க வேண்டும், மாதத்தில் சில நாள் ஓஹானாவை உள்ளே விட வேண்டும் என்றானது. ஆய்வில் 500-க்கும் மேற்பட்ட தொல்லிடங்கள் பதிவாயின. 1981-ல் முழுத் தீவும் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் ஏறியது. அமெரிக்க அரசே பாதுகாக்கத் தகுந்தது என்று பதிந்த இடத்தில், அமெரிக்க அரசே இன்னும் ஒன்பது ஆண்டுகள் குண்டு போட்டது. 1990 அக்டோபர் 22-ல் அதிபர் ஜார்ஜ் புஷ் நிறுத்தச் சொன்ன பிறகுதான் அது நின்றது.

இரண்டாம் நாள் காலையில் மோவாவுலாயிக்கி என்ற மேட்டுக்கு ஏறினோம். ஆரம்பத்தில் கியாவே மரங்கள். முள்ளையும் காயையும் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நம் ஊர்க் கண்மாய்களைப் பிடித்துக்கொண்ட சீமைக் கருவேலத்துக்கு மிக நெருங்கிய இனம் அது. 1828-ல் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் ஹொனொலூலுவில் ஊன்றிய விதையிலிருந்து ஹவாய் முழுக்கப் பரவியது என்கிறார்கள். ஒரு மணி நேரம் நடந்ததும் மரம் முடிந்து தரை வந்தது. தரை என்றால், மேல்மண் அத்தனையும் போய் எலும்பு தெரிகிற மாதிரி இறுகிய செம்மண். காலடி பதியவில்லை. காற்று ஓயாமல் தூசியைக் கிளப்பிக் கடல் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. மழை பெய்தால் இந்தச் செம்மண்தான் கரைந்து போய்ப் பவளப்பாறைகளை மூடுகிறது.

அந்தத் தரையின் நடுவே நீள நீளமாக வைக்கோல் கட்டுகள் போல எதையோ அடுக்கியிருந்தார்கள். பிலி என்ற உள்ளூர்ப் புல்லைக் கட்டுக்கட்டாகக் காற்றுக்குக் குறுக்கே போட்டிருக்கிறார்கள். பறக்கும் மண்ணை அது பிடித்துக்கொள்கிறது, ஈரத்தை விடாமல் வைக்கிறது, அந்தப் புல்லின் விதையே அதற்குள் முளைக்கிறது. அதன் ஓரமாக இடுப்பளவு ஒரு புதர். பளபளவென்று பிசுபிசுத்த நீண்ட இலைகள், நுனியில் இறக்கை வைத்த சிவப்புக் காய்கள். நான் நின்றுவிட்டேன். விராலி! நம் மலையடிவாரங்களில் வேலியோரம் நிற்கும் அதே விராலி. காலில் சுளுக்கு என்றால் பாட்டி இலையை வதக்கிக் கட்டுவாளே, அது. இங்கே அதற்குப் பெயர் அஅலிஇ. மனிதர் வருவதற்கு முன்பே கடல் வழியாக வந்து சேர்ந்த இனம், ஹவாயின் சொந்தச் செடி. சிவந்த காய்களை மாலையில் கோக்கிறார்கள். பசிபிக் நடுவில், குண்டுகள் விழுந்த தரையில், முதலில் நிமிர்ந்து நிற்கும் செடி எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்த செடியாக இருந்தது. அந்த நிமிடத்திலிருந்து தீவு எனக்கு அந்நியமாக இல்லை.

“ஏன் இதைத் தரையில் குழி எடுத்து நடாமல் புல் கட்டுக்குள் நடுகிறீர்கள்?” என்று கேட்டேன். பக்கத்தில் நடந்த குவா பதில் சொன்னார். “இந்த இடம் மேற்பரப்பு மட்டும் சுத்தம் செய்த இடம். தோண்ட அனுமதி இல்லை. அதனால் மேலே மண்ணையும் புல்லையும் போட்டு அதில் நடுகிறோம். கொஞ்சம் தள்ளிப் போனால் 4 அடிவரை சுத்தம் செய்த இடம் இருக்கிறது. அங்கே குழி எடுப்போம்.”

அன்று ராத்திரி அடுப்படியில் இதைப் பற்றித்தான் பேச்சு. ஹவாயில் மூத்த பெண்களை எல்லோரும் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அன்று சமையலைப் பார்த்துக்கொண்ட ஆன்ட்டி இளம் வயதிலிருந்து இங்கே வந்து போகிறவர். குண்டு போடப்பட்ட காலத்திலேயே வந்தவர். “நிலத்தைச் சுத்தம் செய்து தா என்று கேட்டால், எதற்காகச் சுத்தம் என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லாவிட்டால் அவர்களே பதிலை எழுதிக்கொள்வார்கள்” என்றார்.

இந்த விஷயத்தின் சூட்சுமமே அதுதான் என்று நினைக்கிறேன். குண்டு புதைந்த நிலத்தை முழுமையாகச் சுத்தம் செய்வதென்பது யாராலும் ஆகாத காரியம். ஆகவே பயன்பாட்டை வைத்துத்தான் ஆழத்தைத் தீர்மானிக்கிறார்கள். ஆள் நடந்து போக மட்டும் என்றால் மேலே கிடப்பதைப் பொறுக்கினால் போதும். மரம் நட, கம்பம் ஊன்ற, சூடான கற்களைக் குழியில் இட்டு உணவு வேகவைக்கும் இமு அடுப்பு போட வேண்டுமென்றால் உள்ளே தேட வேண்டும். வீடு கட்ட இன்னும் ஆழம். ஒவ்வோர் அடிக்கும் பணம். யாரும் நுழையக் கூடாத இடம் என்று எழுதிவிட்டால் அந்தச் செலவு பெருமளவு மிச்சம். அதாவது, நிலம் எதற்கு என்று சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரே எவ்வளவு சுத்தம் என்பதையும் சொல்லிவிடுகிறார். அமெரிக்காவில் பல பழைய ராணுவத் தளங்களில் ஊர்மக்களைக் கொண்ட ஆலோசனைக் குழுக்கள் உண்டு. அவை கூடும், கேள்வி கேட்கும், கருத்துச் சொல்லும். முடிவு செய்யும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை.

போர்ட்டோ ரிக்கோவை அடுத்த வியேக்கெஸ் தீவின் கதையை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. அதுவும் கடற்படையின் குண்டுப் பயிற்சித் தீவுதான். ஆனால் அங்கே மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். 1999 ஏப்ரலில் குறி தவறிய குண்டு டேவிட் சானெஸ் என்ற காவலரைக் கொன்றது. அதன்பின் எழுந்த போராட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். 2003 மே 1-ஆம் தேதி கடற்படை வெளியேறியது. வெற்றிதான். ஆனால் கிழக்குப் பகுதி முழுவதும் ஊருக்குத் திரும்பவில்லை, அமெரிக்க உள்துறையின் வனவிலங்கு சரணாலயமாக ஆனது. குண்டு அதிகம் விழுந்த பகுதியை மனிதர் நுழையாத காப்புக் காடு என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். பறவைக்கும் ஆமைக்கும் நிலம் கிடைப்பது நல்லதுதான். ஆனால் யாரைக் கேட்டு எழுதினீர்கள் என்ற கேள்வி வியேக்கெஸ் மக்களிடம் இன்னும் இருக்கிறது. அந்தக் கேள்வி நியாயமானது.

கஹோஓலவேயில் வரிசை மாறி நடந்தது. குண்டுவீச்சு நின்ற 1990-லேயே அமெரிக்க நாடாளுமன்றம் ஓர் ஆணையத்தை அமைத்தது. ஆணையம் ஹவாயின் தீவுகளில் மக்களைக் கூப்பிட்டுக் கேட்டது, இந்த நிலம் எதற்கு என்று. மீனவர் வந்தார்கள், பண்ணைக்காரர் வந்தார்கள், முதியவர்கள் வந்து தங்கள் தாத்தா சொன்ன பாடல்களைச் சாட்சியமாகச் சொன்னார்கள். 1993-ல் அறிக்கை வந்தது. அந்த ஆண்டே மாநிலம் சட்டம் இயற்றியது: தீவும் அதைச் சுற்றி 2 கடல் மைல் நீரும் ஹவாய் பூர்வகுடிகளின் பண்பாட்டுக்கும் வழிபாட்டுக்கும் வாழ்வாதார மீன்பிடிப்புக்கும், மரம் வளர்ப்பதற்கும், தொல்லிடங்களைக் காப்பதற்கும், கல்விக்கும். வணிகம் ஒருபோதும் கூடாது. எதிரே வைலேயாவின் நிலவிலையைப் பார்த்துக்கொண்டே போட்ட சட்டம் அது. 1994 மே 7-ல் மாவுயிக் கரையில் நடந்த சடங்கில் தீவின் உரிமைப் பத்திரம் மாநிலத்துக்கு மாறியது. அடுத்த ஆண்டு பயன்பாட்டுத் திட்டம் வரைந்தார்கள். எங்கே வழிபாடு, எங்கே தங்குமிடம், எங்கே நாற்று, எந்தப் பாதை எந்தக் கோயிலுக்குப் போகிறது என்று தீவின் வரைபடம் நிரம்பியது. கடற்படை அமர்த்திய ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள் உலோகம் காட்டும் கருவியோடு இறங்கியது அதற்குப் பிறகுதான்.

ஆன்ட்டி அந்த நாட்களைச் சொல்லும்போது கையில் கரண்டி அப்படியே நின்றது. “எங்கே மரம் நடப் போகிறோம் என்று நாங்கள் கோடு போட்டோம். அவர்கள் அந்தக் கோட்டுக்குள் தோண்ட வேண்டியிருந்தது.”

இதைக் கேட்டுப் புளகாங்கிதம் அடைந்து வீடு திரும்பிவிட முடியாது. கோடு போட்டபடி எல்லாம் நடக்கவில்லை. அமெரிக்க நாடாளுமன்றம் 40 கோடி டாலரும் பத்தாண்டு அவகாசமும் கொடுத்தது. முழுத் தீவின் மேற்பரப்பும், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆழமாகவும் சுத்தமாகும் என்பதுதான் முதலில் வைத்த இலக்கு. எரிமலைச் செம்மண்ணில் இரும்பு அதிகம். மண்ணே கருவிக்குக் குண்டு மாதிரிச் சத்தம் கொடுத்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் கொடி நட்டு, கையால் தோண்டிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் இரும்புத் துண்டு, சில இடங்களில் உயிரோடு இருக்கும் குண்டு. அதை அங்கேயே வெடிக்க வேண்டும். வெடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தொல்லிடம் இருந்தால் அதைக் காக்க வேண்டும். மலைச்சரிவுகளில் ஆள் நிற்கவே இடமில்லை. பணமும் காலமும் முடிந்துபோய் 2004-ல் கடற்படை கிளம்பியபோது மேற்பரப்பில் 75 சதவீதம் சுத்தமாகியிருந்தது. 4 அடி ஆழம்வரை சுத்தமானது தீவில் 10 சதவீதம். மீதி 25 சதவீதம் தொடப்படவே இல்லை. சுற்றியுள்ள கடலின் அடித்தரையும் அப்படியே. மழை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மண்ணைக் கொண்டுபோகும்போது, நேற்றுவரை புதைந்திருந்தது வெளியே வருகிறது. அதனால்தான் அந்தக் காலைப் பாடம், அதனால்தான் இரண்டு தடவை சொன்ன கடைசி விதி.

மக்களிடம் கேட்பது என்பதைப் பெரிய விஷயமாகப் பேசுகிறோம். ஆனால் கேட்ட பிறகு, அவர்கள் சொன்னதை முடித்துக் கொடுக்கப் பணமும் கெடுவும் யார் கையில் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். இங்கே பத்தாண்டு என்ற கெடுவைப் போட்டது வாஷிங்டன். ஐம்பது ஆண்டு போட்டதைப் பத்தாண்டில் பொறுக்கி எடுக்கச் சொன்னது எந்தக் கணக்கு என்று எனக்குக் கோபம் வந்தது. அங்கே இருந்தவர்கள் அந்தக் கோபத்தை எனக்கு முன்பே பட்டு, அதை வேலையாக மாற்றியிருந்தார்கள்.

அந்த வேலையில் மறுநாள் நானும் சேர்ந்தேன். முதுகில் நாற்றுத் தட்டு, கையில் தண்ணீர்க் குடுவை. தட்டில் விராலி, மாஓ என்ற ஹவாய்க் காட்டுப் பருத்தி, தரையோடு படரும் சில கொடிகள். ஒவ்வொரு குழிக்கும், குழி என்று சொல்வதைவிட மண் திட்டுக்கும், மூன்று செடி. நட்டதும் உள்ளங்கையால் அழுத்திவிட்டு நாற்றின் கழுத்தில் பிலிப் புல்லை மாலை போல் சுற்ற வேண்டும், அப்போதுதான் காற்று வேரைத் திறக்காது. பக்கத்தில் ஒரு கல்லூரி மாணவி ஒவ்வொரு செடியிடமும் ஏதோ சொல்லிவிட்டு நகர்ந்தாள். என்ன சொல்கிறாய் என்று நான் கேட்கவில்லை. தீவின் உச்சியில் மழைநீரைப் பிடித்துத் தொட்டியில் சேர்த்துச் சொட்டுநீராக விடும் ஏற்பாடு இருக்கிறது. அதன் குழாய் எட்டாத இடங்களில் மழையை நம்ப வேண்டியதுதான்.

மழைக்கும் ஒரு கதை உண்டு. எதிரே மாவுயியின் உலுபலகுவா மலைச்சரிவிலிருந்து மேகம் பாலம் போல நீண்டு வந்து கஹோஓலவேமீது பெய்யும், அந்த மழைக்கு நாவுலு என்று பெயர். இரண்டு பக்கமும் காடு போனதும் அந்தப் பாலம் அறுந்தது. 1982-ல் மக்காஹிக்கி என்ற பருவ விழாவை ஓஹானா இந்தத் தீவில் மீண்டும் தொடங்கியது. விளைச்சல் தெய்வமான லோனோவுக்குக் காணிக்கை வைத்து மழையைக் கேட்கும் விழா. அப்போது இன்னும் குண்டு விழுந்துகொண்டிருந்தது. பிறகு உலுபலகுவாவிலிருந்து இந்த உச்சிவரை வழிநெடுக மழைக்கான சிறு வழிபாட்டு மேடைகளைக் கல்லால் கட்டினார்கள். நான் நட்டுக்கொண்டிருந்தபோது மாவுயிப் பக்கமிருந்து ஒரு மேகம் தாழ்வாக நீண்டு வந்தது. வேலை செய்தவர்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். எங்கள்மீது பெய்யவில்லை, தெற்கே தள்ளிப் போய்ப் பெய்தது. ஆனால் பெய்தது.

இன்று தீவை நிர்வகிப்பது ஏழு பேர் கொண்ட மாநில ஆணையம். அதில் மூன்று இடம் ஓஹானாவுக்கு. ஹவாய் பூர்வகுடி விவகார அலுவலகத்துக்கு ஓர் இடம், மற்றொரு பூர்வகுடி அமைப்புக்கு ஓர் இடம், மாவுயி மாவட்டத்துக்கு ஒன்று, மாநில நிலவளத் துறைக்கு ஒன்று. படையை எதிர்த்து நின்று கைதானவர்களின் அமைப்புக்கு அந்த நிலத்தை ஆளும் மேசையில் ஏழில் மூன்று நாற்காலி! ஆலோசனைக் குழு அல்ல, முடிவெடுக்கும் குழு. சுத்திகரிப்புப் பணத்தில் 11 சதவீதம், 4 கோடியே 40 லட்சம் டாலர், மறுசீரமைப்புக்காக இவர்கள் கைக்கு வந்தது. அது கரைந்துவிட்டது. இப்போது ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் நின்று பணம் கேட்க வேண்டியிருக்கிறது. 2020 பிப்ரவரியில் தீ வந்து தீவில் சுமார் 30 சதவீதத்தை எரித்தது. வெடிக்காத குண்டுகள் இருப்பதால் தீயணைப்போர் நடந்து உள்ளே போய் அணைக்க முடியாது. எத்தனையோ பேர் சுமந்து வந்து சேர்த்துவைத்த பொருள்களும் அதில் போயின.

1993-ல் மாநிலம் இயற்றிய அந்தச் சட்டத்தில் இன்னொரு பிரிவு இருக்கிறது. மாநிலம் இந்தத் தீவுக்குச் சொந்தக்காரர் அல்ல, அறங்காவலர் மாத்திரமே. ஹவாய் பூர்வகுடிகளுக்கென்று இறையாண்மை உள்ள ஓர் அமைப்பை மாநிலமும் அமெரிக்க அரசும் அங்கீகரிக்கும் நாளில் தீவை அதனிடம் ஒப்படைக்க வேண்டும். அப்படி ஒன்று இன்னும் அங்கீகரிக்கப்படவில்லை. வரப்போகும் உரிமையாளருக்காக இவர்கள் இன்று பாதை போடுகிறார்கள், செடி நடுகிறார்கள், எங்கே நடக்கலாம், எங்கே கூடாது என்று முடிவு செய்கிறார்கள்.

கிளம்பும் முந்தின நாள், தொடப்படாத 25 சதவீதத்தை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். அடுப்படியில் உடனே கட்சி பிரிந்தது. கடற்படையை மறுபடி கூட்டிவந்து தோண்ட வைத்தால் மண் இன்னும் புண்படும், நல்ல கருவி வரும்வரை விட்டுவைப்போம் என்றார் ஓர் இளைஞர். அதுவரை காத்திருந்தால் எந்த மடுவில் எந்தக் கோயில் இருந்தது என்று சொல்லத் தெரிந்தவர்கள் இருக்க மாட்டார்கள் என்றார் குவா. மரம் நட்டு மூடிவிட்டால் மண் குண்டுகளை வெளியே தள்ளுவதாவது நிற்கும் என்றது இன்னொரு குரல். ஆன்ட்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னார்: “1953-ல் எழுதிக் கொடுத்தது நாலு அடி என்றா? மனிதர் வாழத் தகுந்த நிலையில் என்றுதானே. எந்த இடத்தில், எவ்வளவு ஆழம் என்று நாங்கள் பேசி முடிவெடுத்துக்கொள்கிறோம். பாக்கி அவர்களுடையது. அதைக் கேட்பதை நிறுத்தப் போவதில்லை.”